நானா வாயால் தோற்பது

தோற்றுப்போன வாலிபால் டீம் ஒன்று டிராக்டர் பெட்டியில் ஏறி நின்று, "சக்கம்! சக்கம்!" என்று கத்திக்கொண்டு ஊர்வலம் போனதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். இலங்கையில், மாத்தளை நாலந்தாவுக்கு இந்தப் பக்கம், சித்திரை மாதம், அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயல்தான் மைதானம். புழுதி மஞ்சளாக எழும்பி மாலை வெயிலோடு கலந்து, எது புழுதி எது வெயில் என்று பிரிக்க முடியாத நேரம். டிராக்டரில் நின்றவர்கள் மலைத் தோட்டத்துப் பையன்கள். ஐந்தாவது செட் வரை இழுத்துக்கொண்டு போய்த் தோற்றவர்கள். முகத்தில் மட்டும் கலியாண வீட்டுக் களை.

ரோட்டோரம் விறகுக்கட்டோடு நின்ற ஓர் அம்மா, "கப்பு கெடச்சிருச்சாய்யா?" என்று கேட்டார்.

"கப்பு அவனுங்களுக்கு. நாங்க சக்கம்க்கா!" என்றான் மட்காட்டில் உட்கார்ந்திருந்தவன்.

அந்த அம்மாவும், ஏதோ பெரிய விஷயந்தான் போலிருக்கிறது என்று தலையாட்டினார்.

சக்கம் என்பது ஆங்கிலம். முடிந்த மட்டும் தாக்குப்பிடித்து, இனி ஏலாது என்ற இடத்தில் விழுவது. அந்தச் சொல்லை அன்று அவர்களுக்குக் கொடுத்தவர் நானா.

அவருடைய பெயரை இங்கே போடப்போவதில்லை. போட்டால், "எங்கட மாமாவப் பத்தி என்னத்த எழுதி வச்சீக்கிறீங்க?" என்று வீட்டு வாசலுக்கே வரக்கூடிய மருமக்கள் இருக்கிறார்கள். நான் ஓடக்கூடிய வயதைத் தாண்டிவிட்டேன். எங்கள் பக்கத்தில் முஸ்லிம்களை மூன்று இனத்தவரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். மாத்தளையில் நானாக்கள் நிறையப் பேர். ஆனால் மைக் பக்கத்தில் நின்று "நானா எங்கே?" என்று கேட்டால், கேட்டது இவரைத்தான்.

டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தார். ஆணி, கயிறு, பெயின்ட், எலிமருந்து. குட்டையான மனிதர். கழுத்தில் எந்நேரமும் சின்ன மஃப்ளர். குளிருக்கு இல்லை, குரலுக்கு. அந்தக் குரலில் அவருக்கு இருந்த கர்வத்தைப் பார்த்தால், அதற்குத் தனியாக ஓர் அறை கட்டி வைத்திருப்பாரோ என்று தோன்றும். மைக்கை உப், உப் என்று ஊதிச் சோதிப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"மைக் என்ன தம்பி, அடுப்பா ஊதுறத்துக்கு?"

தம்பி என்றது என்னை. எனக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தொழில். ஆளுயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஓர் அம்ப்ளிஃபையர், ஒரு பழைய வேன். நானா பேசுவார். பக்கத்தில் நான் அம்ப்ளிஃபையரின் திருகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்படிப் பல சித்திரை மாதங்கள். இன்று நினைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே நீளமான பின்னேரமாகத்தான் தெரிகிறது. வலைக்கு மேலே பந்து போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது. தூரத்து மலையில் முகில் இறங்குகிறது. நடுவில் அந்தக் குரல் யாருக்கும் விளங்காத ஆங்கிலத்தில் மிதந்து போகிறது.

யாருக்கும் விளங்காததில்தான் விஷயம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் என் பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

எனக்குப் பயம் வந்தால் கொட்டாவி வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாய் துரத்தினால் கொட்டாவி, பொலிஸ் மறித்தால் கொட்டாவி, பெண் பார்க்கப் போன வீட்டிலும் கொட்டாவி. அதைப் பார்த்த மாமனார், "அலட்டிக்காத மாப்பிள்ளை" என்று சம்மதித்துவிட்டார். உள்ளே ஈரக்குலை நடுங்கிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்கள் இவன் எதற்கும் அசையாத ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஊரில் எனக்குத் தைரியசாலி என்று பெயரே இருக்கிறது. அதைத் திருத்துவதற்கும் எனக்குப் பயம்.

இந்தப் போட்டிகளில் எனக்குக் கொட்டாவி வராத நாளே இல்லை. தோட்டத்துப் பையன்கள் தமிழ், லக்கலையில் இருந்து வருகிறவர்கள் சிங்களம், டவுன் டீமில் முஸ்லிம் பையன்கள், தம்புள்ளைச் சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமிகளின் டீமில் எல்லாரும் கலப்பு. நானா வருவதற்கு முன்பு, முடிவை ஒருவர் சிங்களத்தில் சொல்வார், ஒருவர் தமிழில் சொல்வார். "தோத்துட்டாங்க" என்ற சொல் தாய்மொழியில் காதில் விழுந்ததும் முதல் கல் பறக்கும். அது நடுவருக்கு. இரண்டாவது கல் என் ஸ்பீக்கருக்கு. நடுவர் ஓடிவிடுவார், ஸ்பீக்கருக்குக் கால் கிடையாது.

நானா வந்தபிறகு முடிவு ஆங்கிலத்தில் மட்டும் என்றானது. அதுவும் சும்மா ஆங்கிலம் இல்லை. மஃப்ளரைத் தளர்த்தி, ஒரு மிடறு இஞ்சி பிளேன்டீ குடித்து, கண்ணை மூடிக்கொண்டு, கூட்டத்தின் தலைக்கு மேலே ஒரு பட்டுத்துணியை விரிக்கிற மாதிரி விரிப்பார். யார் வென்றது, யார் தோற்றது என்பது அந்தத் துணி மெல்லத் தரையில் இறங்கும்வரை யாருக்கும் உறைக்காது. இறங்கும்போது ஆத்திரம் ஆறியிருக்கும். தோற்றவர்கள்கூடக் கைதட்டிவிட்டுத்தான் பக்கத்தில் நிற்பவனிடம் கேட்பார்கள்: "டேய், என்னடா சொன்னாரு?"

இந்தச் சொற்களை அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. ஆணி சுற்றுவதற்குப் பழைய இங்கிலீஷ் பேப்பரை எடை போட்டு வாங்குவார். அதில் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் கிழிக்காமல் எடுத்து வைத்துக்கொள்வார். இரண்டு அங்குல ஆணிக்கு ஒருவர் காத்துக்கொண்டு நிற்பார், நானா பேப்பரை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டிருப்பார்.

"இங்க பாருங்க தம்பி. ஒரே கிழமையில இத்தன டீம் வெண்டீக்கு. ஒருத்தனும் 'வின்' பண்ணல்ல. ஒருத்தன் ட்ரையம்ஃப், ஒருத்தன் க்ளிஞ்ச், ஒருத்தன் ப்ரிவெய்ல். பேப்பர்க்காரனுக்கு ஒரே வார்த்தைய திருப்பிப் போட வெக்கமா ஈக்கு."

"எல்லாம் ஒண்ணுதானே நானா?"

"அப்ப ஆணியும் ஸ்குரூவும் ஒண்டு எண்டு செல்றீங்க."

"ரெண்டும் சுவத்துலதானே போகுது?"

"போறது ஒண்டு. களட்டிப் பாருங்க, வித்தியாசம் தெரியும்."

ஆணி வாங்க வந்தவர், "நானா, மேசன் காத்துக்கிட்டு இருக்கான்" என்பார். நானா அவரிடமும் ட்ரையம்ஃபுக்கும் க்ளிஞ்சுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லித்தான் அனுப்புவார். ட்ரையம்ஃப் என்றால் மேளதாளத்தோடு வெல்வது. க்ளிஞ்ச் என்றால் நழுவப் பார்த்ததை எட்டிப் பிடித்துக்கொள்வது. மேசனுக்கு ஆணியோடு அந்தச் செய்தியும் போய்ச் சேரும்.

வெல்பவனுக்குச் சொல் தேடுவது அவருக்கு விளையாட்டு. தோற்பவனுக்குத் தேடுவதுதான் வேலை. எதிர்ச்சொல்லை நிறுத்துப் பார்த்துத்தான் போடுவார். வென்றவன் ப்ரிவெய்ல் பண்ணினால், அதாவது கடைசிவரை நின்றுபிடித்தால், தோற்றவன் யீல்ட் பண்ணினான், வழிவிட்டான். வென்றவன் எட்ஜ் பண்ணினால் மயிரிழை முந்தினான், அவ்வளவுதான். தோற்றவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"எதிர்ச்சொல் இல்லாத வெற்றி ஒத்தச் செருப்பு தம்பி. போட்டுக்கிட்டு எங்க போறது?"

இதிலிருந்து ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. ஆட்டம் முடிந்து கப்பைக் கொடுத்தபிறகு, தோற்ற டீமின் கேப்டன் மைக் மேசைக்கு வருவான். "நானா, எங்க வார்த்தை என்ன?" என்று கேட்பான். நானா அவனை உட்கார வைத்து, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, சொல்லையும் அதன் அர்த்தத்தையும் அவன் மொழியில் சொல்வார். அடுத்த சித்திரை வரைக்கும் அது அந்த டீமின் சொத்து. கப்பு ஓர் ஊருக்குப் போகும், சொல் ஓர் ஊருக்குப் போகும். தோற்றாலும் நானா வாயால் தோற்க வேண்டும் என்று பையன்கள் பேசிக்கொள்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

லக்கலைக்காரர்களுக்கு மட்டும் டீ குடிக்க நேரம் இருக்காது. இருட்டினால் ரோட்டில் யானை. அவர்களுடைய கேப்டன் ஒரு காலை டிராக்டரில் வைத்துக்கொண்டே கேட்பான்: "நானா, சீக்கிரம், எங்க வார்த்தை?"

"ஓவர்கம்! அவங்க ஒங்கள ஓவர்கம் பண்ணினாங்க!"

"அப்படின்னா?"

"ஓவர்கம் பண்றது லேசான சாமானை இல்ல மகன். மலைய, ஆத்த, காச்சல. அவங்க ஒங்களக் கடந்தாங்க எண்டா, நீங்க மலை!"

மலைகள் எல்லாம் டிராக்டரில் ஏறி, விசிலடித்துக்கொண்டு யானைக்கு முந்தி வீடு போய்ச் சேர்ந்தன.

இந்தப் பெருமை ஒரு வருடம் எல்லை தாண்டியது. நாட்டாமிகள் டீமுக்குக் கிடைத்திருந்தது 'வான்க்விஷ்ட்', வீரனால் வெல்லப்பட்டவன். அவர்களுக்கு அந்தச் சத்தம் அவ்வளவு பிடித்துப்போய், அடுத்த வருடம் மஞ்சள் ஜெர்சி அடித்து, முதுகில் கொட்டை எழுத்தில் அதையே போட்டுக்கொண்டார்கள். விளையாடுவதற்கு முன்பே தோற்றுவிட்டதாக முதுகில் எழுதிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வருகிற டீம் உலகத்தில் வேறெங்கும் இருக்க முடியாது. சிகிரியாவுக்குப் போகிற சுற்றுலா வேன் ஒன்று நின்று, ஒரு வெள்ளைக்காரர் இறங்கி, அவர்களைத் திரும்பி நிற்கச் சொல்லிப் படமெடுத்தார். அவர் ஏன் அப்படிச் சிரிக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நான் நானாவிடம் ஓடினேன்.

"நானா, அது தோத்தவன்னு அர்த்தம்னு அவனுங்ககிட்ட திரும்பச் சொல்லுங்க. வெளிநாட்டுக்காரன் சிரிக்கிறான்."

"தோத்தவன் எண்டு தெரிஞ்சுதான் போட்டீக்கிறாங்க. ஆருக்கிட்ட தோத்தோம் எண்டதுல அவங்களுக்குப் பெரும. வெள்ளைக்காரனுக்கு அது விளங்காது. நீங்க போய் வயர மாட்டுங்க."

அவருடைய கடையில் கீழ் ராக்கை, அதாவது அடித்தட்டு, ஒன்று இருந்தது. எலிமருந்து, அசிட் போத்தல், ஈயப் பெயின்ட் எல்லாம் அங்கே. யாராவது கேட்டால்கூட, எதற்கு, எந்த வீட்டுக்கு என்று விசாரித்துவிட்டுத்தான் எடுப்பார். சொற்களிலும் அவருக்கு அப்படி ஒரு கீழ் ராக்கை உண்டு. த்ராஷ், க்ரஷ், ரௌட். அடித்து நொறுக்குவது, நசுக்குவது, சிதறடித்து ஓட வைப்பது. எல்லாவற்றுக்கும் அடியில், அனையலேட்.

"அதுக்கு என்ன அர்த்தம் நானா?"

"ஒண்டுமே மிச்சம் வைக்காம இல்லாமலாக்கிறது. இதெல்லாம் மனுசருக்கு விக்கிற சாமான் இல்ல தம்பி."

ஒரு வருடம் டவுன் டீமுக்கு ஜெர்சி எடுத்துக் கொடுத்த முதலாளி ஒருவர் மேசைக்கு வந்து, "நானா, நேர செட்டுல முடிச்சிருக்கோம். இன்னைக்காவது த்ராஷ்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார்.

"த்ராஷ் ஸ்டாக் இல்ல முதலாளி."

"எப்ப வரும்?"

"ஓர்டர் குடுக்கல்ல."

முதலாளி கோபத்தோடு போனார். நான் கொட்டாவி விட்டேன். நானா மைக்கை எடுத்து, டவுன் டீம் ப்ரிவெய்ல் பண்ணியதாக, ஒரு தாலாட்டைப் போலச் சொன்னார்.

வீட்டில் மட்டும் அவருக்கு எந்தச் சொல்லும் உதவவில்லை. அவருடைய மனைவி, எங்களுக்கு ராத்தா, போன் எடுத்தால் நானா எழுந்து நின்றுதான் பேசுவார். "சரி... சரி... வாரேன்... ரெண்டு கிலோ எண்டீங்களா, சரி." போனை வைத்துவிட்டு, "இதுக்குப் பேர் சப்மிட் பண்றது. இதுல ஒரு நிம்மதி ஈக்கு" என்பார்.

அதன்பிறகு அந்த வாரம் வந்தது. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால், தண்ணீருக்கு அடியில் இருந்து பார்த்த மாதிரித்தான் எல்லாம் தெரிகிறது. சத்தங்கள் தூரத்தில் கேட்கின்றன. வானத்தில் ஒரு கறுப்புப் புகை அசையாமல் நிற்கிறது. ஊரடங்கு போட்டிருந்தார்கள். தைரியசாலியான நான் வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, ஸ்பீக்கர் பெட்டி இரண்டையும் அதற்கு அணையாக நிறுத்தி, பின்னால் உட்கார்ந்து கொட்டாவி கொட்டாவியாக விட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் முஸ்லிம் கடைகள் எரிந்தன. நானாவின் கடையும் எரிந்தது. லொறியில் வந்தவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று சிலர் சொன்னார்கள். வெளியூர்க்காரர்கள் என்று சிலர் சொன்னார்கள். நானா ஒன்றும் சொல்லவில்லை.

ஊரடங்கைத் தளர்த்திய காலையில் போய்ப் பார்த்தேன். கூரை இல்லை, ராக்கைகள் இல்லை. பெயின்ட் டின்கள் வெடித்து, சுவரில் நீலமும் சிவப்பும் வழிந்து, ஒரு கெட்ட கனவுக்கு யாரோ வர்ணம் அடித்த மாதிரி இருந்தது. நடுவில் நானா குந்தியிருந்தார். சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஆணிக் கட்டிகளை எடுத்து, ஒவ்வோர் ஆணியாகப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் மஃப்ளர் இல்லை. அவருடைய வெறுங்கழுத்தை அன்றுதான் பார்த்தேன்.

"பேப்பர் எல்லாம் போயிட்டு தம்பி" என்றார். "நல்ல வார்த்த எல்லாம் அதிலதான் ஈந்திச்சி."

பதற்றத்தில் பகிடி விட்டேன். "கீழ் ராக்கையும் போயிருச்சா நானா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது என்ட தலைக்குள்ள ஈக்கு. அது எரியாது."

சில சித்திரைகளுக்குப் போட்டியே நடக்கவில்லை. பிறகு ஆரம்பித்தார்கள். நானாவும் வந்தார். பழைய இடத்திலேயே தகரம் போட்டுச் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். குரல் அதேதான், பட்டுத்துணி அதேதான், கேப்டன்களுக்கு டீயும் அதேதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அவர் சொல் தேடுகிற நேரம் முன்பைவிட நீண்டிருந்தது. கதவைத் திறந்து உள்ளே இறங்கிப் போய், எதையோ தாண்டித் திரும்பி வருகிறவர்போல இருப்பார்.

முதல் இரண்டு வருடமும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் வருடம் இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றவை டவுன் டீமும், ஆற்றுக்கு அக்கரை ஊர் டீமும்.

அன்று மைதானத்தில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்களைவிட நானாவைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். அக்கரை வென்றால் அவர் எந்தச் சொல்லால் அவர்களைப் புகழுவார், அக்கரை தோற்றால் அவர்களுக்கு என்ன சொல் கொடுப்பார் என்பதுதான் எல்லாருக்கும் கேள்வி. சொல் விளங்காது, ஆனால் குரலில் தெரிந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். பொலிஸ் ஜீப் ஒன்று மரத்தடியில் நின்றது. நான் வேனைத் திருப்பி, மூக்கு ரோட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்திவைத்தேன். ஸ்பீக்கர் வயரைக் கட்டாமல் சும்மா சொருகிவிட்டிருந்தேன், இழுத்தால் கையோடு வரும். என் வாய் மூடிய நேரத்தைவிடத் திறந்திருந்த நேரமே அதிகம்.

"என்ன தம்பி, நித்திரையா?" என்றார் நானா.

"ஆமா நானா, ராவு தூக்கமில்ல."

"பயப்படாதீங்க. ஒங்கட பெட்டிக்கு ஒண்டும் ஆகாது."

என் கொட்டாவியின் அர்த்தம் அவருக்கு எத்தனை வருடமாகத் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முதல் செட் அக்கரை. இரண்டாவது டவுன். மூன்றாவது அக்கரை. நாலாவது டவுன். அக்கரையின் கேப்டன் உயரமான பையன், லொறி ஓட்டுகிறவன். ஒவ்வொரு சேர்விஸுக்கு முன்னும் பந்தைத் தரையில் தட்டிவிட்டு ஒரு கணம் மைக் மேசையைப் பார்ப்பான். கலவர வாரத்தில் அவன் எங்கே இருந்தான் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன், அதற்கு என் வாய் போதாது. ஐந்தாவது செட்டில் வெயில் சாய்ந்துவிட்டது. பந்து வெளிச்சத்துக்குள் போய்க் காணாமல் போய், நிழலுக்குள் இருந்து வெளியே வந்தது. யாரோ கூவினார்கள். டவுன் வென்றுவிட்டது.

நானா எழுந்தார். டீயைத் தொடவில்லை. மஃப்ளரைத் தளர்த்தவில்லை. கண்ணை மூடவும் இல்லை. திறந்த கண்ணோடு மைக்கைப் பிடித்து, டவுன் டீமின் பெயரைச் சொன்னார், அக்கரை ஊரின் பெயரைச் சொன்னார், இரண்டுக்கும் நடுவில் அந்தச் சொல்லை வைத்தார்.

அனையலேட்டட்.

கூட்டம் கைதட்டியது. நீளமான சொல், புதுச் சொல், நானாவின் குரல் அன்றுபோல என்றும் கணீரென்று இருந்ததில்லை. அக்கரைக்காரர்களும் கைதட்டினார்கள். மரத்தடியில் பொலிஸ்காரர்கூடத் தட்டினார். அத்தனை சனத்தில் கையைத் திருகிலேயே வைத்துக்கொண்டு உறைந்துபோனவன் நான் ஒருத்தன்தான். எனக்குக் கொட்டாவிகூட வரவில்லை.

கப்பைக் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். நானா உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது, வழக்கப்படி, அந்த உயரமான பையன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தான்.

"நானா, அப்பே வசனே மொகக்த?" என்றான். எங்கள் வார்த்தை என்ன என்று.

நானா டீ ஊற்றினார். அவர் வாய் திறக்குமுன் நான் குறுக்கே பாய்ந்தேன். எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்குள் வந்து முட்டிக்கொண்டது.

"அது... ரொம்ப நல்ல வார்த்தை தம்பி. கஷ்டப்பட்டுத்தான் ஒங்கள ஜெயிச்சாங்கன்னு... மலை மாதிரின்னு... பெரிய ஆளுங்களுக்குத்தான் அதைச் சொல்றது."

பையனின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும் நானாவின் முகம் மாறியது.

"அவர் பொய் செல்றார்" என்றார் சிங்களத்தில். "ஒண்டும் மிச்சம் வைக்காம இல்லாமலாக்கிறது. அதுதான் அர்த்தம்."

பையன் டீக் கோப்பையை மேசையில் வைத்தான். என் மனம் வேன் சாவியைத் தேடியது. அது கையிலேயே இருந்தது. பையன் கோபப்படவில்லை. வலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அதைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னான், நான் தமிழில் எழுதுகிறேன்.

"நாங்க ரெண்டு செட் எடுத்தோமே நானா."

நானா மஃப்ளரைத் தளர்த்தினார்.

"கடைசி செட்டும் ரெண்டே பாயிண்ட்லதான் போச்சு. மிச்சம் இருக்கு." இன்னும் தணிந்த குரலில் சொன்னான்: "அந்த வார்த்தை எங்க ஊருக்கு இல்லேன்னு நான் சொல்லலே. இந்த மெச்சுக்கு இல்லே."

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் இருவரையும் பார்க்காமல் அம்ப்ளிஃபையரைப் பார்த்தேன். அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சனம் கலைந்து டிராக்டர்களையும் லொறிகளையும் நோக்கி நடந்தது. ஆற்றுப் பக்கமிருந்து குளிர்காற்று வந்தது.

நானா எழுந்தார். "வயர் ஈக்குதா தம்பி?"

"எதுக்கு நானா? எல்லாரும் போறாங்க. விடுங்க நானா. மஃரிபுக்கு நேரமாகுது."

"அதுக்கு முந்திச் செல்லணும். இத வச்சிக்கிட்டுத் தொழப் போக ஏலாது."

பிடுங்குவதற்குத் தயாராக வைத்திருந்த வயரை அழுத்திச் சொருகினேன். நானா மைக்கைப் பிடித்து, முதலில் சிங்களத்தில் சொன்னார். பிறகு தமிழில்.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. முன்னுக்கு நான் ஒரு வார்த்த செல்லினேன். அது இந்த மெச்சுக்கு உள்ளதில்ல. இந்தப் பையன்மார் ரெண்டு செட் எடுத்தாங்க. நல்லா வெளையாடித் தோத்தாங்க. அவ்வளவுதான். நான் செல்லின வார்த்த என்ட கடைக்கு நடந்தது. ஒண்டும் மிச்சம் வைக்காம ஆக்கினாங்க. அதுக்குத்தான் அந்த வார்த்த. நான் இடம் மாத்தி வச்சிட்டேன். இப்ப எடுத்த எடத்துல வைக்கிறேன்."

முதல் வசனம் முடியும்போதே நான் சத்தத்தைக் குறைக்கப்போனேன். என் கை நடுங்கிய நடுக்கத்தில் திருகு மற்றப் பக்கம் திரும்பிவிட்டது. அவருடைய குரல் மைதானத்தைத் தாண்டி, அறுத்த வயல்களைத் தாண்டி, ஆற்றுக்கு மேலே போய், அக்கரையில் மோதி, இன்னொரு தரம் திரும்பி வந்தது. டிராக்டரில் ஏற ஒரு காலைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள். அக்கரை லொறியின் பின்னால் யாரோ வயதான ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த உயரமான பையன் தலையைக் குனிந்து மேசைப் பக்கத்திலேயே நின்றான், போகவில்லை.

ஒரு கல்லும் வரவில்லை. ஒரு கையும் தட்டவில்லை. அத்தனை வருடமாக அவர் மைக்கில் சொன்னதில், எல்லாருக்கும் விளங்கியது அது ஒன்றுதான்.